மலையே திரண்டு திட்டிய மாரி

போன வாரம் என் வீட்டுக்கு இரண்டு இளைஞர்கள் வந்தார்கள். சேலத்துக் குஸ்திக் கொட்டகையில் இப்போது மைக் பிடித்துக் கூவுகிறவர்கள் அவர்கள்தான். நான் ஓய்வு பெற்ற கூவல்காரன் என்பதால் மரியாதைக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கி வந்திருந்தார்கள். பேச்சு மும்முரத்தில் பாதிச் சீப்பை அவர்களே தின்றுவிட்டார்கள். பேச்சு என்ன பேச்சு, சண்டைதான். குஸ்தி பார்க்க வருகிற ஜனங்கள் கொட்டகை வாசலில் நாள் தவறாமல் போடுகிற அதே சண்டை: எந்தப் பயில்வான் உண்மையான நட்சத்திரம்?

சினிமாக்காரர்கள் அந்தச் சொல்லைக் கொண்டுவந்தாலும் கொண்டுவந்தார்கள், இன்று நோட்டீஸ் அடிக்கிற எல்லாக் கம்பெனியிலும் எல்லாப் பயில்வானும் நட்சத்திரமாகிவிட்டான். ஒருவன் உடற்கட்டுதான் முக்கியம் என்றான். மற்றவன் யார் தோற்காமல் இருக்கிறானோ அவன்தான் என்றான். "அண்ணே, நீங்களே ஒரு தீர்ப்புச் சொல்லுங்க" என்று என் பக்கம் திரும்பினார்கள். நான் கொல்லிமலைக் கதையை ஆரம்பித்தேன். பாதியிலேயே பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போய்விட்டார்கள். எனக்கு எதையும் பாதியில் நிறுத்திப் பழக்கமில்லை. அதனால் முழுக் கதையையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

அந்தக் காலம் போல வருமா என்று நான் ஒப்பாரி வைப்பேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். மைக் ரொம்ப நல்ல சாமான். என் காலத்திலேயே வந்திருந்தால் நான் இவ்வளவு சுக்கும் மிளகும் தின்றிருக்க வேண்டியதில்லை. மண்ணெண்ணெய் டின்னை வெட்டிச் சுருட்டி ஈயம் பற்றவைத்த ஒரு தகரக் குழல்தான் எனக்குக் கொடுத்திருந்தார்கள். அதில் வாயை வைத்துக் கத்தினால் கடைசி வரிசைக்குக் கேட்கும். உதடு மட்டும் வெட்டுப்படும்.

துறையூர்ச் சந்தையில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் நின்று "வாங்க வாங்க, தள்ளுபடி" என்று கூவிக்கொண்டிருந்தவன் நான். காதர் ராவுத்தர் அந்த வழியாகப் போனவர் நின்று கேட்டார். மறுநாளே குஸ்திக் கம்பெனியில் சேர்த்துக்கொண்டார். பயிற்சி என்று பெரிதாக ஒன்றுமில்லை. பயில்வான்களின் பெயரையும் அவர்கள் ஜெயிக்காத ஊர்களின் பெயரையும் மனப்பாடம் செய்தேன். அவ்வளவுதான், தொழில் கற்றாகிவிட்டது.

ராவுத்தரைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர் முன்பு குடை வியாபாரி. மழை பொய்த்த ஒரு வருஷத்தில் கடை படுத்துவிட்டது. மழை பெய்தால் ஓடாத, மழை பெய்யாவிட்டால் நன்றாக ஓடுகிற தொழில் எது என்று யோசித்துக் குஸ்தியைப் பிடித்தாராம். ஒல்லியான மனிதர். வாயில் எப்போதும் ஒரு கிராம்பு இருக்கும். குரலை உயர்த்தி நான் கேட்டதேயில்லை. நல்லது நடந்தாலும் கெட்டது நடந்தாலும் "இருக்கட்டும்" என்று ஒரே வார்த்தைதான். ஒரு தடவை காற்றில் கொட்டகைக் கூரை பறந்து பக்கத்துக் கத்தரிக்காய்த் தோட்டத்தில் போய் விழுந்தது. "இருக்கட்டும், உள்ளே வெளிச்சம் வந்துச்சு" என்றார்.

குஸ்தியில் ஜெயிப்பது யார் என்பது எங்கள் கம்பெனியில் காலையிலேயே முடிவாகிவிடும். இப்போது இதை வெளியே சொல்வதால் யாருக்கும் நஷ்டமில்லை, அந்தக் கம்பெனியே இல்லை. ஆனால் ராவுத்தர் அதை வாயால் சொல்லமாட்டார். காலைப் பலகாரம் வரும்போது யார் தட்டில் இரண்டு அவித்த முட்டை கூடுதலாக இருக்கிறதோ, அவன் அன்று தோற்கவேண்டும். தோற்கிறவன்தான் தூக்கி எறியப்படுகிறவன், எலும்புக்கு வலு வேண்டியவன் அவன்தான் என்பது அவர் கணக்கு. "இன்னிக்கு யாருக்கு முட்டை?" என்றால் எங்களுக்குள் அதுதான் பொருள்.

ஒரு நாள் சமையற்காரர் ஏதோ ஞாபகத்தில் இரண்டு பேர் தட்டிலும் முட்டை வைத்துவிட்டார். அன்று மாலை மண் பரப்பிய குஸ்திக் குழியில் இறங்கிய இரண்டு பயில்வான்களும் தோற்பதற்கே பாடுபட்டார்கள். இவன் கையை ஓங்குவதற்குள் அவன் மல்லாந்து விழுந்தான். அவன் எழுந்து பார்த்தால் இவன் குப்புறக் கிடக்கிறான். தொடாமலே இரண்டு பேரும் மாற்றி மாற்றி விழுந்ததைப் பார்த்து ஜனங்கள் முழித்தார்கள். நான் குழலை எடுத்து, "மகாஜனங்களே, இதுதான் வடநாட்டில் மட்டுமே காணக்கூடிய பார்வைக் குஸ்தி! கண்ணாலேயே எதிராளியைச் சாய்க்கும் வித்தை!" என்று கூவினேன். கைதட்டு அடங்க வெகுநேரமாயிற்று. அடுத்த வாரமும் அதையே போடச் சொல்லிக் கேட்டார்கள். ராவுத்தர் என்னைப் பார்த்து "இருக்கட்டும்" என்றார். என் தொழில் வாழ்க்கையில் நான் வாங்கிய பெரிய பாராட்டு அது.

கம்பெனியின் முதல் ஜோடி சிங்காரமும் மாரிமுத்துவும். சிங்காரம் சிவப்பாக, பார்க்க லட்சணமாக இருப்பான். அவன்தான் நல்லவன். மாரிக்கு முரட்டு முகம், புருவத்தின் குறுக்கே ஒரு தழும்பு. சின்ன வயதில் கிணற்றுப் படியில் விழுந்த தழும்பு அது. எனவே அவன் கெட்டவன். கும்பிடப் போகிற சிங்காரத்தின் காலை வாருவான், குடுமியைப் பிடித்து இழுப்பான், முக்கியமாக, குழியிலிருந்து ஒரு பிடி மண்ணை அள்ளி அவன் கண்ணில் வீசுவான். மண் கண்ணில் படாமல் நெற்றியில் படும்படி வீசுவதற்கு மாரி எத்தனை நாள் பழகினான் என்பது எனக்குத் தெரியும். கொட்டகைக்கு வெளியே அவனைப் போல ஒரு சாதுவைப் பார்க்க முடியாது. எறும்புப் புற்று இருந்தால் சுற்றிக்கொண்டு போகிறவன்.

ஜனங்களுக்கு அது தெரியுமா? எங்கே போனாலும் மாரிக்குக் காறித் துப்பல்தான். ஒரு ஊரில் நாவிதர் அவனுக்குச் சவரம் செய்யமாட்டேன் என்று கத்தியை மடக்கி வைத்துவிட்டார். இதையெல்லாம் மாரி சிரித்துக்கொண்டே தாங்கிக்கொள்வான். கல்யாணப் பேச்சு வந்தபோதுதான் அவனால் தாங்க முடியவில்லை.

புளியஞ்சோலையில் செல்லப்பன் என்று ஒரு மிளகுத் தரகர். மாரிக்கு ஒன்றுவிட்ட மாமன் முறை. அவர் பெண் பாவாயி. மாரிக்கு அவள்மேல் உயிர். முறைப்பெண்தான், வயதும் பொருத்தம்தான். ஆனால் செல்லப்பன் துறையூர்ச் சந்தைக்கு வரும்போதெல்லாம் எங்கள் குஸ்தியைப் பார்த்தவர். பெண் கேட்டுப் போன மாரியின் தாயாரிடம், "ஊரே காறித் துப்பறவனுக்கு எம் பொண்ணக் குடுத்துட்டு நான் எப்படித் தலை நிமுந்து நடக்கறது? ஒரு ஊர்லயாச்சும் அவன நல்லவன்னு நாலு பேரு சொல்லட்டும், அப்பறம் வாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் கொல்லிமலையிலிருந்து அழைப்பு வந்தது. மலைமேல் குண்டனி நாடு என்கிற பகுதியில் ஒரு ஊர். அங்கேயிருந்து சந்தைக்கு மிளகும் பலாப்பழமும் சுமந்து வருகிறவர்களில் பலர் எங்கள் ஆட்டத்துக்கு வாடிக்கை. அறுவடை முடிந்த கையோடு மலைக்கே வந்து ஒரு ஆட்டம் போடவேண்டும் என்று ஊர்க்கவுண்டர் சொல்லி அனுப்பியிருந்தார். செல்லப்பனும் அதே நாளில் மிளகு வாங்க மேலே போகிறார் என்று தெரிந்ததும் மாரி நேராக ராவுத்தரிடம் போனான். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"முதலாளி, மலையில மட்டும் என்னை நல்லவனா விடுங்க. ஒரே ஒரு ஆட்டம். மாமன் பாக்கட்டும்" என்றான்.

ராவுத்தர் கிராம்பை வாயின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றினார். "சிங்காரம் கெட்டவனா நிப்பானா?"

"நான் சொல்லிக் குடுக்கறேனுங்க."

"இருக்கட்டும்" என்றார் ராவுத்தர். உத்தரவு கிடைத்துவிட்டது.

புளியஞ்சோலையிலிருந்து ராவுத்தரோடு காட்டுப் பாதையில் ஏறினோம். பயில்வான் என்றால் மலை ஏறுவான் என்று நினைப்பது தவறு. சிங்காரத்துக்கு மூன்றாவது வளைவிலேயே மூச்சு வாங்கியது. அவன் பெட்டியையும் மாரிதான் தலையில் வைத்துக்கொண்டு ஏறினான். வழி நெடுக அவனுக்குக் கெட்டத்தனம் சொல்லிக்கொடுத்துக்கொண்டே வந்தான். "மொறைக்கோணும் சிங்காரம். அப்படியில்ல, அது தூக்கம் வர்றாப்பல இருக்குது." செல்லப்பன் தன் பொதிமாடுகளோடு எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். மாரி "மாமா" என்று கூப்பிட்டதற்கு மாட்டை அதட்டினார்.

மேலே போய்ப் பார்த்தால் ஊரே எங்களுக்காகக் காத்திருந்தது. குஸ்திக் குழி எப்படி வேண்டும் என்று நான் சொன்னேன். முழங்கால் ஆழத்துக்குத் தோண்டி, மண்ணைச் சலித்து, கல் பொறுக்கி, மணல் கலந்து, மோரும் நல்லெண்ணெயும் மஞ்சளும் விட்டுப் பிசைந்து பரப்பவேண்டும். கீழே எந்த ஊரிலும் கல்லைச் சரியாகப் பொறுக்கமாட்டார்கள், பயில்வான் முதுகில் அதற்கு அடையாளம் இருக்கும். இங்கே கேழ்வரகு அறுத்த காட்டில் பெண்கள் முறத்தோடு உட்கார்ந்து அரிசியில் கல் பார்ப்பது போல மண்ணில் கல் பார்த்தார்கள். அவ்வளவு மெத்தென்ற குழியில் எங்கள் ஆட்கள் அதற்கு முன்னும் விழுந்ததில்லை, பின்னும் விழுந்ததில்லை.

குழி மண் உலர்ந்துகொண்டிருக்கும்போது ஆண்கள் சுற்றி உட்கார்ந்து அந்த நட்சத்திரச் சண்டையை ஆரம்பித்தார்கள். நோட்டீஸில் "நட்சத்திரப் பயில்வான் சிங்காரம்" என்று போட்டிருந்தோம். அதை யாரோ படித்துச் சொன்னதுதான் வினை.

"சரியாத்தான் போட்டிருக்கறாங்க" என்றார் பெரியண்ணன். மிளகுக் கொடி நிறைய வைத்திருப்பவர், ஆள் நிதானமானவர். "ஒடம்பப் பாருங்க. மொகத்தப் பாருங்க. இது வரைக்கும் தோத்திருக்கறாரா? அவருதானுங்க நட்சத்திரம்."

"கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கறாரு, ஒத்துக்கறேன்" என்றார் சடையன். இவர் தேன் எடுக்கிறவர், நிதானத்துக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை. "ஆனா பாத்துட்டு ஊட்டுக்கு வந்தா நெனப்பிருக்குதா? மாரியப் பாத்துட்டு வந்த அன்னிக்கி எனக்குக் கோவம் மலை ஏறியுந் தீரலீங்க. ஊட்டுக்காரி களி கிண்டிக்கிட்டு இருந்தா. துடுப்பப் புடுங்கி, அவன இப்படிப் போடோணும், இப்படிப் போடோணும்னு காட்டினேன். சட்டி ஒடஞ்சு போச்சுங்க. சிங்காரத்தால ஒரு சட்டி ஒடைஞ்சிருக்குமா?"

"சட்டிய ஒடைக்கறவரு நட்சத்திரமா?"

"பின்னே? எட்டுக் கல்லு தொலவு தாண்டியிருந்து ஒடச்சாரே!"

மலையின் இன்னொரு பகுதியான பைல் நாட்டிலிருந்து வந்த சிலர் பெரியண்ணன் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். இளவட்டங்கள் சடையன் பக்கம். கடைசியில் என்னிடம் வந்தார்கள். "ஏனுங்க, நீங்கதான் நோட்டீசு போட்டவரு. எத வெச்சுச் சிங்காரத்த நட்சத்திரம்ங்கறீங்க?" அச்சாபீசில் அந்தப் படம்தான் இருந்தது என்று சொல்ல முடியுமா? "ஆட்டத்தைப் பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள்" என்று நழுவிவிட்டேன். இவர்கள் மாரியைக் கெட்டவனாக மனசில் குடிவைத்துவிட்டார்கள். இன்று அவன் நல்லவன், காலையில் சிங்காரம் தட்டில்தான் முட்டை.

வெயில் சாய்ந்த நேரத்தில் ஆட்டம். செல்லப்பன் முன் வரிசையில் வெற்றிலை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் குழலை எடுத்தேன். "நேர்மைக்கும் பொறுமைக்கும் பேர்போன மாரிமுத்துப் பயில்வான்!" என்று கூவியதும் கூட்டம் கொல்லென்று சிரித்தது. மாரி வந்து நாலு பக்கமும் கும்பிட்டான். சிரிப்பு நின்றது. யாரும் கை தட்டவில்லை.

"ஏனுங்க, நல்லவராட்ட நிக்கறாரே, ஒடம்புக்கு ஏதும் சொகமில்லீங்களா?" என்று சடையன் கவலையாகக் கேட்டார்.

சிங்காரம் முறைத்தான். அது இன்னும் தூக்கம் வருவது போலத்தான் இருந்தது. மாரியின் காலை வாரினான், உடனே கையை நீட்டித் தூக்கியும் விட்டுவிட்டான். பழக்கம் விடுமா? பிறகு ஞாபகம் வந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து மாரியின் முகத்தில் தூவினான். கூட்டம் ஆரவாரம் செய்தது. "அப்படிப் போடுங்க சிங்காரம்! அன்னிக்கிக் குடுத்தத இன்னிக்கித் திருப்பிக் குடுங்க!" மாரி பதிலுக்கு அடிக்காமல் பொறுமையாகக் கை கூப்பினான். "நம்பாதீங்க! ஏதோ சூது வெச்சிருக்கறான்!" என்று நாலு பக்கமிருந்தும் குரல். அவன் எது செய்தாலும் அதில் ஒரு சூது தேடினார்கள். தேடிக் கிடைக்காததும் அலுத்துப்போனார்கள். பின் வரிசையில் யாரோ மாட்டு விலை பேச ஆரம்பித்தார்கள். சிலர் எழுந்து மண்ணைத் தட்டினார்கள். செல்லப்பன் பெரிதாக ஒரு கொட்டாவி விட்டார்.

கூவல்காரனுக்குக் கூட்டம் எழுந்து போவதைப் போல வயிற்றெரிச்சல் வேறு கிடையாது. மாரி என் பக்கம் வந்து, முகத்தைத் துடைப்பது போலக் குனிந்தான்.

"போச்சு குப்பண்ணே. ஆட்டமும் போச்சு, கல்யாணமும் போச்சு. மாமன் கொட்டாவி உடறாரு, பாத்தீங்களா?"

"என்னடா பண்றது?"

"ரெண்டுல ஒன்னையாச்சும் காப்பாத்தறேன்" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. மண்ணால் இல்லை.

திரும்பிப் போனவன் சிங்காரத்தின் குடுமியை ஒரே பிடியாகப் பிடித்தான். சிங்காரம் அலறியது நடிப்பில்லை, அவனுக்கு ஒன்றுமே புரியவில்லை. ஒரு பிடி மண் அவன் நெற்றியில் அறைந்தது. கூட்டத்தில் ஒரு "ஆ!" எழுந்தது. எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள், உட்கார்ந்தவர்கள் எழுந்தார்கள். மாரி குழியின் விளிம்பில் ஏறி நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "என்ன பாக்கறீங்க? மத்தியானம் ஒரு பலாப்பழம் குடுத்தீங்களே, அதெல்லாம் ஒரு பழமா? எங்க ஊருப் பூசணிக்கா அதவிட இனிக்கும்!" என்றான்.

கொல்லிமலைக்காரர்களிடம் எதை வேண்டுமானாலும் சொல்லலாம், பலாப்பழத்தைச் சொல்லக்கூடாது. அந்த நிமிஷம் எழுந்த சத்தம் மாதிரி இன்றைக்குப் பெரிய மைதானத்தில் மைக் வைத்தாலும் கேட்க முடியாது. கட்டையில போறவனே, நாக்கு அழுவிப் போவ, கை வெளங்காமப் போவ என்று மலையே திரண்டு திட்டியது. பெரியண்ணனின் நிதானம் எங்கே போயிற்றோ, துண்டை உதறிக்கொண்டு திட்டினார். சடையன் ஆனந்தக் கண்ணீரோடு திட்டினார். முன் வரிசையில் செல்லப்பன் வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்து நின்றார். "அடப் பாவி! நீ நாசமாத்தான் போவ! எம் பொண்ணு உனக்குக் கெடைக்கவே மாட்டாடா!"

மாரிக்கு அது கேட்டது. எனக்குத் தெரியும், அவன் தோள் ஒரு கணம் தொய்ந்தது. பிறகு இன்னொரு பிடி மண்ணை அள்ளினான். வெகுநேரம் மலையைக் கொதிக்கவிட்டு, கடைசியில் சிங்காரத்தின் காதில், "தூக்குடா, நான் தாவறேன்" என்றான். சிங்காரம் தூக்கினான், மாரி தாவினான், எவ்வளவு உயரம்! மல்லாந்து விழுந்ததும் சிங்காரம் மேலே ஏறி உட்கார்ந்தான். முட்டை தின்றவனே ஜெயித்த ஆட்டம் எங்கள் கம்பெனியில் அது ஒன்றுதான்.

மாரி ஒரு பாறைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டான். "மன்னிச்சுக்குங்க முதலாளி" என்றான். ராவுத்தர் இந்தத் தடவை "இருக்கட்டும்" என்று சொல்லவில்லை. தன் துண்டை எடுத்து அவன் முதுகிலிருந்த மண்ணைத் துடைத்துவிட்டார்.

அப்போது ஊர்க்கவுண்டர் முன்னால் வர, மொத்த ஊரும் எங்களை நோக்கி வந்தது. பலாப்பழத்துக்குப் பழி வாங்க வருகிறார்கள் என்று நினைத்தேன். தகரக் குழலை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன்.

ஊர்க்கவுண்டர் மாரியின் முன்னால் வந்து நின்று கும்பிட்டார். "தப்பா நெனச்சுக்காதீங்க. வெளியூரு ஆளு ஒருத்தர நாங்க வாய் விட்டுத் திட்டிப்போட்டம்னா, அவிய மலை எறங்கறதுக்கு முந்தி திட்டினவிய ஊட்டுல ஒரு வாய் சோறு உங்கோணும். அது எங்க பாட்டன் பூட்டன் காலத்து வழக்கமுங்க. இல்லீன்னா அந்தத் திட்டு எங்க காட்டுலயே தங்கீரும். மொளகு காய்க்காது, கேவுரு பதராப் போயிரும்."

"யார் யாரெல்லாம் திட்டினீங்க?" என்று நான் கேட்டேன்.

"திட்டாதவிய யாருன்னு கேளுங்க, சொல்றது சுளுவு" என்றார் ஊர்க்கவுண்டர்.

மறுநாள் முழுக்க மாரியை வீடு வீடாகக் கூட்டிப்போனார்கள். வெறும் சோறு மட்டுமில்லை. ஒவ்வொருவரும் தான் என்ன சொல்லித் திட்டினோம் என்பதை ஒப்புக்கொண்டு அதற்கேற்ற உபசாரம் செய்தார்கள். நாக்கு அழுகிப்போகச் சொன்ன சடையன் மலைத்தேன் கொண்டுவந்து, "நாக்குல தடவிக்குங்க சாமி" என்றார். கை விளங்காமல் போகச் சொன்ன வீட்டில் நல்லெண்ணெய் காய்ச்சி இரண்டு கையிலும் நீவிவிட்டார்கள். சாமைச் சோறு, மொச்சைக் குழம்பு, களி, வாழைப்பழம், வீட்டுக்கு வீடு பலாச்சுளை. "பூசணிக்கா எப்படிங்க இருக்குது?" என்று கேட்டுக் கேட்டு ஊட்டினார்கள். மாரி ஒவ்வொரு வீட்டிலும் அழுதான். "நாவிதர் கூடத் தொடமாட்டேன்னாருங்க என்னை" என்று ஒரு வீட்டில் சொல்லிவிட்டு, வாயில் சோற்றோடு விம்மினான்.

பெரியண்ணன் பரிமாறிக்கொண்டே சொன்னார்: "இப்பவும் சொல்றேன், நட்சத்திரம் சிங்காரந்தான். அத நான் உட்டுக்குடுக்க மாட்டேன். ஆனா அவர நான் ஒரு வார்த்தை திட்டலியே, என்னன்னு சொல்லி ஊட்டுக்குக் கூப்புடறது?"

"அதத்தான் நானும் நேத்திலிருந்து சொல்லிக்கிட்டிருக்கறேன்" என்றார் சடையன்.

சிங்காரம் ஊர்ப் பொதுவில் வைத்த சோற்றைத் தின்றுவிட்டுத் தனியாகக் குழிக்கரையில் உட்கார்ந்திருந்தான். "குப்பண்ணே, நேத்து நான் ஜெயிச்சனா இல்லியா?" என்று கேட்டான். ஜெயித்தாய் என்றேன். "அப்பறம் ஏன் எனக்கு மட்டும் பலாச்சுளை வரல?" என்றான். பாவம், அவனை நானாவது கொஞ்சம் திட்டியிருக்கலாம்.

அடுத்த நாள் விடிந்ததும் இறங்கப் புறப்பட்டோம். செல்லப்பன் எங்களுக்கு முன்பே பொதிமாடுகளை ஓட்டிக்கொண்டு கிளம்பியிருந்தார். பாதை தொடங்குகிற இடத்தில் சடையன் குறுக்கே நின்றுகொண்டிருந்தார்.

"ஏனுங்க, எங்கீங்க போறீங்க? நீங்களும் அவரத் திட்டினீங்கல்ல. நாசமாப் போவன்னீங்க, இந்தக் காதால கேட்டேன். சோறு போடாம எறங்கறீங்களே!"

"நான் இந்த மலைக்காரன் இல்லீங்க" என்றார் செல்லப்பன்.

"திட்டு விழுந்தது எங்க மண்ணுலீங்க. நீங்க போயிருவீங்க, அது இங்க கெடந்து எங்க மொளகுக் கொடியத் திங்கும். அப்பறம் அடுத்த வருசம் யாருகிட்ட மொளகு வாங்குவீங்க?"

செல்லப்பனுக்கு வியர்த்துவிட்டது. "எம் ஊடு கீழ புளியஞ்சோலையில இருக்குதே!"

"அதனாலென்ன? கீழயே போடுங்க. சாட்சிக்கு நான் வாரேன்" என்று சடையன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எங்களோடு இறங்கினார். வழியெல்லாம் செல்லப்பனிடம் ஊரில் யார் யார் வீட்டில் மாரி என்ன சாப்பிட்டான் என்பதை ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டு வந்தார். செல்லப்பன் முதலில் மாட்டைப் பார்த்தபடி நடந்தார். பாதி வழிக்கு மேல், "பெரியண்ணன் ஊட்டுலயுமா?" என்று கேட்டார். மிளகு வியாபாரத்தில் அவருக்குப் பெரியண்ணன் சொல்தான் வேதவாக்கு.

புளியஞ்சோலையில் செல்லப்பன் வீட்டுக் கூடத்தில் எல்லாருக்கும் இலை போட்டார்கள். மாரி தலை நிமிரவேயில்லை. பாவாயி பரிமாறினாள். துணிச்சலான பெண் என்று பார்த்தவுடனே தெரிந்தது, தலை குனியாமல் மாரியை நேராகப் பார்த்தே சோறு வைத்தாள். மலையையே தின்று தீர்த்துவிட்டு வந்த மாரி நாலு வாய்க்கு மேல் உண்ண முடியாமல் திணறினான்.

செல்லப்பன் சாட்சியைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார். "பாத்துக்குங்க, சோறு போட்டாச்சு. நான் திட்டினது தீந்துபோச்சு. மலைக்கும் எனக்கும் இனி ஒன்னுமில்ல." பெண் விஷயத்தில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சடையனுக்கும் அதற்கு மேல் கேட்க மலை வழக்கத்தில் இடமில்லை. மாரி இலையின் ஓரத்தை மெதுவாக மடிக்க ஆரம்பித்தான்.

"அப்பா" என்றாள் பாவாயி. குழம்புச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றாள். "சந்தையில வண்டி மேல உக்காந்து நானும் குஸ்தி பாத்திருக்கறேனுங்க. ஒவ்வொரு வாரமும் இவர வாயார நானும் திட்டியிருக்கறேன். அதெல்லாந் தீர நான் எத்தன நாளைக்குச் சோறு போடோணும்னு அந்தச் சாட்சிக்காரரக் கேட்டுச் சொல்லுங்க."

மாரி, மடித்த இலையை மறுபடி விரித்தான்.